திரும்பும் விமானத்துக்கு முன்: விளையாட வந்தவர் தஞ்சம் கேட்கும்போது

சர்வதேசப் போட்டியொன்றுக்காக வந்த வீரரோ வீராங்கனையோ "எனக்கு ஊர் திரும்பப் பயமாக இருக்கிறது" என்று சொன்னால், மற்றத் தஞ்சக் கோரிக்கையாளர்களுக்குச் செய்வதையே அவருக்கும் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் ஒன்றுதான் என்றாலும் அவருடைய நிலை வேறு. எந்த அரசுக்கு அஞ்சுகிறாரோ அந்த அரசு அனுப்பிய அதிகாரிகளுடன் ஒரே கட்டடத்தில் அவர் தங்கியிருக்கிறார்; அவருடைய கடவுச்சீட்டு பெரும்பாலும் அணி முகாமையாளரின் பையில் இருக்கிறது; திரும்பிச் செல்லும் விமானத்தின் நாளும் நேரமும் அவர் புறப்படுவதற்கு முன்பே குறிக்கப்பட்டுவிட்டன. இவற்றுக்கு மேல், அவருடைய பெயர், படம், பிறந்த ஆண்டு, பங்கேற்கும் பிரிவு எல்லாம் போட்டி அமைப்பாளர்களின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கக்கூடியபடி இருக்கின்றன. ஒளிந்துகொள்ள இடமும் இல்லை, யோசிக்க நேரமும் இல்லை என்ற நிலையில்தான் அவர் தம் வாழ்வின் மிகப் பெரிய முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். நீண்ட காலமாக அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வாழ்கிறேன். தமிழ், ஆங்கில உரைபெயர்ப்பாளராகத் தொடங்கி, பின்னர் அகதிகளுக்குச் சட்ட உதவி வழங்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் துணைப் பணியாளராக வேலை செய்தேன். வழக்கைச் சட்டத்தரணிகள் பார்ப்பார்கள். தங்குமிடம் தேடுவது, உரைபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்வது, மருத்துவரிடம் கூட்டிச் செல்வது, கடிதங்களை விளக்குவது ஆகியவை என் பொறுப்பு. 2018 ஏப்ரல் 4 முதல் 15 வரை கோல்ட் கோஸ்ட் நகரில் பொதுநலவாய விளையாட்டு விழா நடந்தபோது, கமெரூனின் பாரம் தூக்கும் வீரர்களும் குத்துச்சண்டை வீரர்களுமாக 8 பேர் விளையாட்டுக் கிராமத்திலிருந்து காணாமற்போன செய்தி விழா முடிவதற்குள்ளேயே தலைப்புச் செய்தியாகிவிட்டது. விழாவுக்கு வந்தவர்களின் விசா மே 15ஆம் திகதி வரை செல்லுபடியாகும் என்பதால் அந்த ஒரு மாதம் எங்கள் அலுவலகத்துக்கு மிகவும் பரபரப்பாக இருந்தது. திகதி கடந்த சில நாட்களில் உள்துறைத் திணைக்கள அதிகாரிகள் செனட் குழுவொன்றின் முன் அளித்த விவரத்தின்படி, ஏறத்தாழ 190 பேர், அகதியாக நாட்டில் தங்க அனுமதிக்கும் பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பித்திருந்தனர். 50 பேரளவில் விசா எதுவும் இல்லாமலே நாட்டில் தங்கியிருந்தனர்.

இந்த எண்ணிக்கைகளைக் கேட்டதும் "விளையாட்டைச் சாட்டாக வைத்து வந்துவிட்டார்கள்" என்று பேசியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அந்தச் சந்தேகம் வெறுங்காற்றிலிருந்து முளைத்ததன்று. 2004ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய ஹேண்ட்பால் அணி என்று சொல்லிக்கொண்டு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்குச் சென்ற 23 பேர் இரண்டொரு ஆட்டங்களுக்குப் பிறகு மாயமானார்கள். அப்படியொரு தேசிய அணியே இலங்கையில் இருக்கவில்லை. ஆனால் 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்கு வந்த ஹங்கேரிய அணியை எண்ணிப் பார்க்க வேண்டும். புடாபெஸ்ட் வீதிகளில் சோவியத் டாங்கிகள் ஓடிய அந்த ஆண்டில், அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நாடு திரும்பவில்லை. நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆக்னஸ் கெலெட்டியும் திரும்பாதவர்களில் ஒருவர். அவரை யாரும் விசா ஏமாற்றுக்காரர் என்று அழைத்ததில்லை. கூட்டத்தின் எண்ணிக்கையை வைத்து ஒருவருடைய அச்சம் உண்மையா பொய்யா என்று சொல்ல முடியாது என்பதால்தான் சட்டம் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்கிறது. உதவ வருபவர் நீதிபதியின் வேலையைத் தாமே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

என் அனுபவத்தில், பாதுகாப்பு என்பது சட்டப் படிவத்தில் தொடங்குவதில்லை. அணியினர் யாரும் அருகில் இல்லாமல், தமக்குப் புரியும் மொழியில் அரை மணி நேரம் ஒருவரோடு பேசக் கிடைக்கும் வாய்ப்பில் தொடங்குகிறது. அண்மைக் காலத்தில் உலகம் அறிந்த இரண்டு நிகழ்வுகளும் ஜப்பானில் நடந்தவை; இரண்டிலும் அந்த வாய்ப்பு விமான நிலையத்தில்தான் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது. பெலாரஸ் நாட்டின் ஓட்ட வீராங்கனை கிறிஸ்ட்சினா சிமனூஸ்கயா, தம்மைக் கேளாமலே தொடர் ஓட்டத்தில் சேர்த்ததற்காகப் பயிற்றுநர்களைச் சமூக வலைத்தளத்தில் விமர்சித்தார். 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி அவரை அவசர அவசரமாக டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்துக்குக் கொண்டுசென்றார்கள். வழியில் தொலைபேசியில் பேசிய பாட்டி, நாட்டுக்கு வரவேண்டாம் என்று எச்சரித்திருந்தார். விமான நிலையத்தில் அவர் பொலிஸாரை அணுகி, தம் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழிக்கு மாற்றிய வாசகத்தைக் காட்டினார். அந்த இரவைப் பொலிஸ் பாதுகாப்பில் கழித்த அவர், மறுநாள் போலந்துத் தூதரகத்துக்குள் சென்று மனிதாபிமான விசா பெற்றார். ஆகஸ்ட் 4ஆம் திகதி வியன்னா வழியாக வார்சாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பு, மியான்மர் கால்பந்து அணியின் மாற்று வாயிற்காப்பாளர் பியே லியான் அவுங், ஜப்பானுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் தேசிய கீதம் ஒலித்தபோது மூன்று விரல்களை உயர்த்தி இராணுவ ஆட்சிக்கு எதிர்ப்புத் தெரிவித்திருந்தார். அணியோடு ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்துக்கு வந்த அவர், குடியகல்வு மேடையில் இருந்த அதிகாரியிடம் தாம் நாடு திரும்ப விரும்பவில்லை என்று சொன்னார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் திகதி அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. 2021 முழுவதிலும் ஜப்பான் அகதிகளாக ஏற்றுக்கொண்டவர்கள் 74 பேர்தான் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த முடிவின் அருமை புரியும்.

கடவுச்சீட்டுச் சோதனை மேடையில் ஒவ்வொருவரும் தனியாகத்தான் அதிகாரியின் முன் நிற்கிறார். அணி முகாமையாளரால் அங்கே கூட நின்று பதில் சொல்ல முடியாது. உதவி கோருவதற்கு அது கடைசி இடம் என்றாலும், பலருக்கு அதுவே முதல் தனிமையான இடமாகவும் அமைந்துவிடுகிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் நம்மைத் தொடர்புகொண்டு, "இனி நேரமில்லை, பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்" என்றால் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. சீருடை அணிந்த உள்ளூர் அதிகாரி எவரையாவது பார்த்து, "நான் போக விரும்பவில்லை, எனக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்ற இரண்டு வாக்கியங்களை எந்த மொழியிலாவது தெளிவாகச் சொல்லும்படி அவருக்கு அறிவுறுத்தலாம். அந்த வாக்கியங்களை உள்ளூர் மொழியில் எழுதிக் குறுஞ்செய்தியாக அனுப்பி, திரையைக் காட்டச் சொல்லலாம்.

கோல்ட் கோஸ்ட் விழாவை அடுத்த அந்த மாதத்தில் நான் அதிகம் பழகிய வீராங்கனையின் நாட்டையோ விளையாட்டையோ இங்கே குறிப்பிடப் போவதில்லை. சாதாரண அகதி ஒருவரின் பெயரை மறைத்தால் பெரும்பாலும் போதும். ஆனால் விளையாட்டு வீரர் விடயத்தில் நாடு, விளையாட்டு, பால் ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டால் பங்கேற்பாளர் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சும். உதவும் அமைப்புகளின் ஆண்டறிக்கைகளில்கூட இந்தத் தவற்றைக் கண்டிருக்கிறேன்: பெயரை மாற்றியிருப்பார்கள், எடைப் பிரிவை அப்படியே எழுதியிருப்பார்கள். அவுஸ்திரேலிய நீதிமன்றங்கள் பாதுகாப்பு விசா வழக்குகளில் விண்ணப்பதாரரின் பெயருக்குப் பதிலாக எழுத்துகளும் எண்களும் கொண்ட குறியீட்டையே வெளியிடுகின்றன. நீதிமன்றம் கடைப்பிடிக்கும் கவனத்தை நாம் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் கடைப்பிடித்தால் நல்லது.

அந்த வீராங்கனை எங்களிடம் வந்தபோது போட்டி முடிந்திருந்தது. அணி இன்னும் புறப்படவில்லை. அவரிடம் கதை கேட்பதற்கு முன் நாங்கள் கேட்டவை சாதாரணமான விடயங்கள்: இன்று இரவு எங்கே தங்குவீர்கள், நீங்கள் இங்கே வந்தது யாருக்குத் தெரியும், கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது, உடனே மருந்து ஏதும் தேவையா. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டோம். அதற்கான பதில்தான் பின்னர் எடுக்கப்படும் பல முடிவுகளைத் தீர்மானிக்கும். என்ன நடந்தது, ஏன் அஞ்சுகிறார் என்ற கேள்விகளைச் சட்டத்தரணிக்கு விட்டுவிட்டோம். அதில் மரியாதை மட்டுமன்றிச் சட்டமும் இருக்கிறது: அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடிவரவு முகவரும் சட்டத்தரணியும் தவிர்ந்த மற்றவர்கள் விசா விண்ணப்பம் குறித்து ஆலோசனை சொல்வது, இலவசமாகவே என்றாலும், குற்றமாக முடியலாம். நல்லெண்ணம் கொண்ட சமூகத் தலைவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. முகவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே போதும். பார்த்தே ஆக வேண்டும், ஏனெனில் செய்தி வெளியான மறுநாளே பணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே கதையை எழுதிக் கொடுக்கும் ஆட்கள் முளைத்துவிடுவார்கள்.

கடவுச்சீட்டு கையில் இல்லாதது பலரை முடக்கிவிடுகிறது. அதை மீட்பதற்காக அணித் தங்குமிடத்துக்குத் திரும்பிச் செல்வதைவிட ஆபத்தானது வேறில்லை. அடையாளத்தை உறுதிப்படுத்தும் ஆவணங்கள் கேட்கப்படும் என்பது உண்மை. ஆனால் கடவுச்சீட்டு ஏன் இல்லை என்பதை விளக்கி விண்ணப்பத்தைக் கொடுக்க முடியும். கடவுச்சீட்டின் படம், போட்டி அனுமதி அட்டை, விசா வழங்கப்பட்ட மின்னஞ்சல் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் உதவும். விசா எப்போது முடிகிறது, எந்த நிபந்தனைகளோடு வழங்கப்பட்டது என்பதைத் திணைக்களத்தின் இணையச் சேவையில் சரிபார்க்கலாம். "மேலும் தங்க முடியாது" எனும் 8503 நிபந்தனையைப் பார்த்ததும் கதவு மூடிவிட்டதாகச் சிலர் கலங்குவார்கள். அந்த நிபந்தனை பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பிப்பதைத் தடுக்காது. நாள்தான் முக்கியம். கையில் உள்ள விசா முடிவதற்குள் விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை தங்க அனுமதிக்கும் இடைக்கால விசாவான பிரிட்ஜிங் விசாவில் ஏ வகை கிடைக்கும். முடிந்த பிறகு என்றால் பெரும்பாலும் சி வகைதான், அதனுடன் வேலை செய்யும் அனுமதி தானாக வராது. மே 15க்குப் பின் எங்களிடம் வந்தவர்கள் இந்த ஓர் எழுத்து வேறுபாட்டுக்காக மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

உரைபெயர்ப்பு என் தொழில் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அணியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரைப் பயன்படுத்தக்கூடாது. அவரும் அதே அரசிடம் சம்பளம் வாங்குபவர், அவருக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது. சக வீரரையும் பயன்படுத்தக்கூடாது. உள்ளூரில் அதே மொழி பேசும் சமூகத்தைச் சேர்ந்தவரை அழைப்பதற்கு முன்பும் வீரரைக் கேட்க வேண்டும், ஏனெனில் சிறிய சமூகங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அரசியலிலும் இனத்திலும் மதத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பவர்கள் ஒரே மொழியைப் பேசக்கூடும். இதை ஈழத் தமிழர்களாகிய நாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவுஸ்திரேலியாவில் 1973 முதல் இயங்கிவரும் அரச தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். பெண் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்றும், வேறு மாநிலத்தில் இருப்பவர் வேண்டும் என்றும் கேட்கலாம். வீரரின் பெயரைச் சொல்லாமலே உரையாடலை நடத்தலாம். குயின்ஸ்லாந்தில் இருக்கும் ஒருவருக்கு மேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து உரைபெயர்ப்பாளர் கிடைத்தபோது அவருடைய தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உரைபெயர்ப்பாளர் தம் வேலையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். "இப்படிச் சொன்னால் நல்லது" என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது உதவி ஆகாது. உள்நாட்டு விளையாட்டு அதிகாரி ஒருவர் தம்மை "கூப்பிட்டுக் கண்டித்தார்" என்று வீரர் சொன்னதை உரைபெயர்ப்பாளர் இரக்கத்தினால் "மிரட்டினார்" என்று மாற்றிவிட்டால், மாதங்கள் கழித்து வேறொரு உரைபெயர்ப்பாளர் வழியாக நடக்கும் நேர்காணலில் பழைய சொல் திரும்பிவரும். அப்போது வாக்குமூலம் மாறிவிட்டது என்று பதிவாகும். நம்பகத்தன்மையில் விழும் அந்த விரிசலைப் பின்னர் அடைப்பது மிகக் கடினம்.

கைத்தொலைபேசியை உடனே அணைத்துவிடச் சொல்வதும் எல்லா நேரத்திலும் சரியன்று. குடும்பம் பதறும், அணி பொலிஸில் முறையிடும். இருப்பிடம் காட்டும் வசதிகளை நிறுத்துவது, புதிய எண்ணுக்கு மாறுவது, அணியின் குழுக்களில் எதையும் திறந்து பார்க்காமல் இருப்பது, வீட்டாருக்கு "நலமாக இருக்கிறேன்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாமல் இருப்பது ஆகியவற்றை நாங்கள் பரிந்துரைத்தோம். வீட்டாருக்குத் தெரியாதது அவர்களிடமிருந்து கறக்கப்படவும் முடியாது. பொலிஸார் தேடினால் அஞ்சவேண்டியதில்லை: சட்டத்தரணி வழியாகத் தாம் பாதுகாப்பாக இருப்பதாகவும், தம் இருப்பிடத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் தெரிவித்துவிடலாம்.

விளையாட்டு வீரர்களுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது; அகதிகள் பணியில் ஊறியவர்களுக்கும் அது கண்ணில் படுவதில்லை. உயர்நிலை வீரர்கள் பலர் ஊக்கமருந்துச் சோதனைக்காகத் தாங்கள் ஒவ்வொரு நாளும் எங்கே இருப்போம் என்பதை, சோதனைக்குக் கிடைக்கக்கூடிய ஒரு மணி நேரத்தையும் குறித்து, முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்று முறை தவறினால் தடை விதிக்கப்படலாம். அந்தப் பதிவைப் பார்க்கும் அமைப்பு அவருடைய சொந்த நாட்டின் அமைப்பாகவும் இருக்கலாம். அதாவது ஒளிந்திருப்பவர் தம் புதிய முகவரியைத் தம் கையாலேயே ஊருக்கு அனுப்பிவைக்க நேரிடும். அனுப்பாவிட்டால் விளையாட்டு வாழ்வே போய்விடும். இத்தகைய கடமை இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே கேட்டு, சட்டத்தரணி வழியாக அந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பை அணுக வேண்டும்.

வாக்குமூலம் எழுதும் கட்டத்தில் வீரர்களிடம் நான் கண்ட பொதுவான இயல்பு, வலியைக் குறைத்துச் சொல்வதாகும். காயத்தோடு விளையாடிப் பழகியவர்கள் அடி வாங்கியதையும் பயிற்சியின் பகுதியாகவே நினைக்கிறார்கள். பயிற்றுநரின் பாலியல் தொல்லையை "அது எல்லா இடத்திலும் நடப்பதுதானே" என்று ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். பின்னர் மேன்முறையீட்டில் அதை முதன்முறையாகச் சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் காட்டாவிட்டால், அது அவர்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க முயலாமல், இடைவெளி விட்டுச் சில அமர்வுகளாகக் கேட்கும் சட்டத்தரணியே நல்ல சட்டத்தரணி. திகதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுத வேண்டும். எந்தப் போட்டிக்கு முன், எந்தப் பருவத்தில் என்று சொன்னால் போதும். போட்டி நாட்காட்டி பொது ஆவணமாக இருப்பதால் அதை வைத்துக் காலத்தைச் சரிபார்க்க முடிவது வீரர்களுக்கு உள்ள அரிய வசதி. நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு 28 நாட்களே உண்டு. அவுஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி இரண்டாம் முறை பாதுகாப்பு விசா கேட்பதற்கு அமைச்சரின் அனுமதி வேண்டும். முதல் விண்ணப்பத்தையே கடைசி விண்ணப்பமாகக் கருதி எழுத வேண்டும்.

ஊடகங்களை அழைப்பதா இல்லையா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: அதை வீரரே முடிவுசெய்ய வேண்டும், அதுவும் சட்டத்தரணியோடு பேசிய பிறகே. சிமனூஸ்கயாவுக்கும் பியே லியான் அவுங்குக்கும் கமெராக்கள் கேடயமாயின. அவர்களுடைய செயல் ஏற்கனவே உலகறிந்ததாக இருந்ததால் மறைக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆனால் தம் பாலின ஈர்ப்பின் காரணமாகவோ குடும்பத்தினரின் அரசியல் காரணமாகவோ அஞ்சும் ஒருவருக்கு ஒரு படம் வெளியானாலும் ஊரில் இருப்பவர்களுக்கு ஆபத்து. அத்துடன், இந்நாட்டுச் சட்டத்தில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது: அவுஸ்திரேலியாவுக்கு வந்தபின் செய்த செயலால் அச்சம் உண்டானதாகச் சொல்பவர், அந்தச் செயலைத் தம் கோரிக்கையை வலுப்படுத்தும் நோக்கத்துக்காகச் செய்யவில்லை என்று அமைச்சரை ஏற்கச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் செயல் கணக்கில் எடுக்கப்படாது. "ஒரு பேட்டி கொடுத்தால் விசா எளிது" என்று தூண்டும் ஆர்வலர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமலே பேசுகிறார்கள்.

முடிவுக்காகக் காத்திருக்கும் காலம் ஆண்டுகளில் அளக்கப்படுவது. அந்தக் காலத்தில் வீரரின் உடல்தான் முதலில் குழம்புகிறது. நாளுக்கு இருமுறை பயிற்சி செய்து பழகிய உடம்பு திடீரென ஓர் அறைக்குள் அடைபட்டால் தூக்கம் கெடுகிறது, உணவு செல்வதில்லை. உள்ளூர்க் கழகம் ஒன்றில் சேர்த்துவிடுவது மனநல ஆலோசனைக்குச் சமமான பலனைத் தந்ததை நான் பார்த்தேன். ஆனால் கழகங்கள் முடிவுகளையும் படங்களையும் அன்று மாலையே இணையத்தில் ஏற்றிவிடும் என்பதால், சேருவதற்கு முன்பே செயலாளரிடம் பேசி, பெயரும் படமும் வெளியாகாதபடி எழுத்தில் உறுதி பெற்றுக்கொண்டோம். நாங்கள் கேட்ட ஒரு கழகம் காப்புறுதியைக் காரணம் காட்டி மறுத்தது. மற்றொன்று கேள்வியே கேட்காமல் காலணியும் கொடுத்தது.

மீண்டும் சர்வதேச அரங்கில் விளையாடும் கனவைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. வேறு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் பங்கேற்கப் பொதுவாக மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும், குடியுரிமையும் வேண்டும். சிமனூஸ்கயாவுக்கு 2022இல் போலந்துக் குடியுரிமை கிடைத்து, சிறப்பு அனுமதியோடு 2023 உலகப் போட்டியில் ஓடியது விதிவிலக்கான வேகம். 2016 ரியோவில் 10 பேரோடு தொடங்கிய ஒலிம்பிக் அகதிகள் அணியில் 2024 பாரிஸில் 37 பேர் இருந்தார்கள். அவர்களில் கமெரூனில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் சிண்டி ங்காம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வென்று அந்த அணியின் முதல் பதக்கத்தைப் பெற்றார். தன்பாலீர்ப்பாளர் என்பதால் நாடு திரும்ப முடியாதவர் அவர். நான் பழகியவர்களில் பெரும்பாலோர் அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. முதியோர் பராமரிப்பிலும் பண்டகசாலைகளிலும் வேலை செய்கிறார்கள், சிலர் வார இறுதிகளில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள்.

விசா கிடைத்த பின்னும் பயணத்தில் கவனம் தேவை. பஹ்ரைன் கால்பந்து வீரர் ஹக்கீம் அல் அராய்பி அவுஸ்திரேலியாவில் அகதியாக ஏற்கப்பட்டு மெல்பேர்ணில் விளையாடிக்கொண்டிருந்தவர். 2018 நவம்பர் 27ஆம் திகதி மனைவியோடு தேனிலவுக்காக பாங்கொக் போய் இறங்கியதும், பஹ்ரைனின் வேண்டுகோளில் சர்வதேசப் பொலிஸ் அமைப்பான இன்டர்போல் வெளியிட்ட, தேடப்படுபவரைப் பிடிக்கக் கோரும் சிவப்பு அறிவித்தலின் பேரில் கைதுசெய்யப்பட்டார். அவர் அகதி என்று தெரிந்ததும் சில நாட்களில் அறிவித்தல் விலக்கப்பட்டது. ஆனால் 2019 பெப்ரவரி 11 வரை தாய்லாந்துச் சிறையில்தான் இருந்தார். முன்னாள் அவுஸ்திரேலிய அணித் தலைவர் கிரேக் ஃபொஸ்டரும் வீரர் சங்கங்களும் இடைவிடாமல் குரல் கொடுத்திராவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்றே நான் நம்புகிறேன். பயணத்துக்கு முன் தம் பெயரில் இன்டர்போல் கோப்புகளில் தகவல் இருக்கிறதா என்று அதன் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் சட்டத்தரணி வழியாகக் கேட்க முடியும். சொந்த நாட்டுத் தூதரகத்தில் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது அகதி அந்தஸ்தையே கேள்விக்குள்ளாக்கலாம். பிரிட்ஜிங் விசா ஏ வைத்திருப்பவர் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த விசா அத்துடன் முடிந்துவிடும். தாயாரின் மரணச் செய்தி வந்த இரவில் இதை ஒருவருக்கு விளக்குவது என் பணியில் மிகக் கொடிய கடமையாக இருந்தது.

எல்லாம் செய்த பிறகும் சிலர் திரும்பிப் போக முடிவெடுக்கிறார்கள். வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது; அழுகையின் பின்னால் வேறொருவர் நிற்பது கேட்பவருக்குப் புரிகிறது; அல்லது எந்த மிரட்டலும் இன்றிப் பிள்ளையின் முகம் மட்டுமே இழுக்கிறது. அந்த முடிவை ஏமாற்றமாகவோ நன்றிகெட்டதனமாகவோ பார்க்கும் உதவியாளர்கள் உண்டு; அது தவறு. எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை வைத்திருந்தோம். அவர் தனியாக, சுயேச்சையான உரைபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகச் சட்டத்தரணியோடு பேசுவார். ஓர் இரவு கழித்து மறுபடியும் பேசுவார். அதன் பிறகே எதையும் எழுத்தில் விலக்கிக்கொள்வார். புறப்படும் நாளில் வழியனுப்ப யார் வருகிறார்கள், தரையிறங்கியதும் யாருக்கு என்ன சொற்களில் செய்தி அனுப்புவார், செய்தி வராவிட்டால் நாங்கள் எந்த மனித உரிமை அமைப்புக்குத் தகவல் சொல்ல அவர் அனுமதிக்கிறார் என்பவற்றை முன்கூட்டியே பேசி வைப்போம். கைத்தொலைபேசியில் எங்கள் எண்களோ கடிதங்களோ மிஞ்சாமல் அழித்துவிடச் சொல்வோம். அவருடைய கோப்பு சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலம் வரை அலுவலகத்திலேயே இருக்கும் என்பதையும், பின்னர் வேறொரு நாட்டில் தஞ்சம் கோர நேர்ந்தால் அதன் பிரதியைக் கேட்டுப் பெறலாம் என்பதையும் அவருக்கு வாய்மொழியாக மட்டும் சொல்லி, கேட்பதற்கான மின்னஞ்சல் முகவரியை மனப்பாடம் செய்துகொள்ளும்படி கூறுவோம்.